தலையை உலுக்கும் காற்று

சைனாடவுனில், ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கும் சவுத் பிரிட்ஜ் சாலையில் மோட்டார்சைக்கிள் ஓட்டும்போது காற்று ஒரு பொருட்டே இல்லை. விரைவுச்சாலையில் ஏறி, வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரை எட்டும்போதுதான் தலைக்கவசம் படபடவென ஆடும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது. 50இல் இருப்பதைவிட 90இல் அது மூன்று மடங்குக்கும் மேல்.

முன்கண்ணாடி இருந்தால் தப்பிக்கலாமா? கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் மேல்விளிம்பைத் தாண்டும் காற்று சுழன்று, நேராகத் தலைக்கவசத்தில் மோதுகிறது. இரைச்சல், கழுத்துவலி, சில நேரம் பார்வையே மங்கும். கண்ணாடியே இல்லாத வண்டி மேல் என்பேன். அதில் காற்று தள்ளும், உலுக்காது.

விளிம்பில் பொருத்தும் ‘டிஃப்லெக்டர்’ தகடு சுழலைத் தலைக்கு மேலே தூக்கிவிடும். தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி விடவேண்டும். அதன் வழியே நுழையும் காற்று பின்புற அழுத்தத்தைச் சமன்செய்யும். கோணம் ஆளின் உயரத்தைப் பொறுத்தது. நண்பருக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தாது. சிலருக்குக் கண்ணாடியைத் தாழ்த்தினாலே போதும், செலவும் இல்லை. தகடுதான் வேண்டுமென்றால், வாங்குமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.