ஆடிஷனுக்கு முன் பத்து நிமிடம்

போன வருஷம் கல்ச்சுரல்ஸ் ஆடிஷன். என் நம்பர் 14. காத்திருந்த ஒன்றரை மணி நேரமும் நான் சும்மா இருக்கவில்லை. படிக்கட்டுக்கு அடியில் போய், பாட்டில் வரும் அந்த உச்ச வரியை மட்டும் திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்தேன். "மேல வருதா? வருது. எதுக்கும் இன்னொரு தடவை பாத்துப்போம்." பத்துப் பன்னிரண்டு தடவை வந்தது. மைக் முன்னால் நின்றபோது மட்டும் வரவில்லை. குரல் பிசிறி, வெறும் காற்றுதான் வந்தது. "நெக்ஸ்ட்" என்றார்கள்.

நான் செய்ததை வார்ம்-அப் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன் மக்களே. அது வார்ம்-அப் இல்லை, டெஸ்டிங். ஸ்ட்ரெங்த் லேபில் ஒரு கம்பியை யு.டி.எம். மெஷினில் மாட்டி நெளியும்வரை இழுத்துவிட்டு, அதே கம்பியைக் கொண்டுபோய்க் கட்டடத்தில் போட்ட கதை.

தொண்டைக்குள் நடப்பது என்ன?

நம் குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைத் திறந்து மூட வைக்கிறது. அந்த அதிர்வுதான் ஒலி. 5 கட்டை சுருதியில் பாடும் ஒரு பெண்ணின் ஆதார ஸட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ். அதாவது ஒரு நொடிக்கு 196 தடவை அந்த நாண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மேல் ஸட்ஜத்துக்கு ஏறினால் அது இரட்டிப்பாகி 392. ஒரே நிமிடம் அங்கே நின்றால் 23,000 மோதல்களைத் தாண்டிவிடும்!

சுருதி ஏற ஏற, கிடார் கம்பியை முறுக்குவதுபோல் நாண்கள் இழுபட்டு மெலிகின்றன. சத்தத்தைக் கூட்டினால் மோதலின் வேகமும் கூடுகிறது. தயாராகாத நாண்களை எடுத்தவுடனே உச்சத்தில், முழுச் சத்தத்தில் மோதவிட்டால் அவை வீங்கத்தான் செய்யும். வீங்கிய நாண்கள் சரியாக மூடாது. நடுவில் காற்று கசியும். எனக்கு அன்று நடந்தது இதுதான்.

ஆக, வார்ம்-அப்புக்கு ஒரே விதி: குறைந்த மோதலில் தொடங்கி, கீழிருந்து மேலே போக வேண்டும்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. மூச்சு (2 நிமிடம்). தோளையும் கழுத்தையும் தளர்த்துங்கள். மூச்சை இழுக்கும்போது தோள் மேலே ஏறக் கூடாது. வயிறும் விலாவும் விரிய வேண்டும். பிறகு "ஸ்ஸ்ஸ்" என்று ஒரே சீராக 15 முதல் 20 நொடி விடுங்கள். சத்தம் ஏறி இறங்கினால் காற்று இன்னும் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம்.

2. ம்ம்ம், புர்ர்ர் (2 நிமிடம்). வாயை மூடி, பல்லைக் கடிக்காமல், வசதியான சுருதியில் "ம்ம்ம்". உதட்டிலும் மூக்கிலும் அதிர்வு தெரிய வேண்டும். அடுத்து, சின்னப் பிள்ளைகள் பஸ் ஓட்டும்போது உதட்டைப் படபடக்க விட்டு "புர்ர்ர்" என்பார்களே, அதேதான். அப்படியே கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போங்கள். பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

3. ஸ்ட்ரா (2 நிமிடம்). ஜூஸ் ஸ்ட்ராவை உதட்டில் வைத்து, அதன் வழியாக "ஊ" என்று ஒலி எழுப்புங்கள். மூக்கு வழியாகக் காற்று போகக் கூடாது. இன்ஜினியரிங் மூளைக்குப் பிடித்த பயிற்சி இது. வாய்ப்பக்கம் வழி குறுகும்போது பின்னழுத்தம் உருவாகிறது. அது நாண்களை லேசாக விலக்கிப் பிடிப்பதால், அதிர்வு நடக்கும், ஆனால் மோதல் மென்மையாகிவிடும். அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸே இதன் இயற்பியலை விளக்கிப் பரவலாக்கியவர். ஸ்ட்ரா இல்லையா? "புர்ர்ர்" இதே வேலையைச் செய்யும்.

4. சரளி வரிசை (3 நிமிடம்). பாட்டு கிளாஸ் போன எல்லாருக்கும் தெரிந்தது. மாயாமாளவகௌளை ராகத்தில் இதை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. இந்த ராகத்தில் ஸ-ரி-க-ம இடைவெளிகள் எப்படியோ, ப-த-நி-ஸ இடைவெளிகளும் அப்படியே. அதனால் கீழ்ப்பாதியில் குரல் எவ்வளவு இலகுவாக இருந்ததோ, மேல்பாதியிலும் அப்படி இருக்கிறதா என்று எளிதில் ஒப்பிடலாம். முதல் காலத்தில் மெதுவாக, பாதிச் சத்தத்தில், முதலில் ஸ்வரமாகவும் பிறகு "ஆ" என்று அகாரமாகவும் பாடுங்கள். தாடை இறுகினால் ஒரு படி இறங்கிவிடுங்கள்.

5. பாட்டு (1 நிமிடம்). உச்ச வரியை ஒரே ஒரு தடவை, பாதிச் சத்தத்தில். அவ்வளவுதான். மீதியை மேடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில தவறான நம்பிக்கைகள்

"மேடை ஏறும்போது ஒரு மடக்கு தண்ணி குடிச்சா குரல் நனையும்." நனையாது. தண்ணீர் குரல் நாண்களைத் தொட்டால் அதற்குப் பெயர் புரையேறுவது! வாய் வறட்சி தீரும், அவ்வளவே. நாண்களுக்கு ஈரம் உடம்பு வழியாகத்தான் வரும். அதனால் காலையிலிருந்தே குடித்துக்கொண்டிருங்கள்.

"தொண்டையைக் கனைச்சா கிளியர் ஆகும்." கனைப்பு என்பது நாண்களை ஓங்கி அடித்துக்கொள்வது. எச்சிலை விழுங்குங்கள், போதும்.

"வார்ம்-அப் பண்ணா எட்டாத ஸ்வரமும் எட்டும்." எட்டாது. உங்களிடம் இருப்பதை அது பத்திரமாக வெளியே கொண்டுவரும், அவ்வளவுதான். எட்டவில்லை என்றால் சுருதியை அரைக் கட்டை இறக்குங்கள். அதில் எந்த அவமானமும் இல்லை. கரோக்கி டிராக்கையும் ஆப்பில் இறக்கிக்கொள்ளலாம்.

முக்கியமான ஒன்று. குரல் ஏற்கெனவே கரகரவென்று இருந்தால் இந்தப் பயிற்சிகளால் அதை மூடி மறைத்துப் பாடாதீர்கள். அன்று ஓய்வு கொடுங்கள். இரண்டு, மூன்று வாரமாகியும் கரகரப்பு போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். ஸ்ட்ரா பத்து ரூபாய்க்குக் கிடைக்கும், குரல் நாண் கிடைக்காது.

"சரி, இந்த வருஷம் உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். குரூப் சாங்கில், இரண்டாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். ஆனால் உச்ச வரி உடையவில்லை. படிக்கட்டுக்கு அடியில் "புர்ர்ர்" சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள், நான்தான். நீங்களும் வாங்க!