களைப்பின் இருக்கையில் கஃபீன்

1840களில் இராமநாதபுரம், திருச்சிப் பக்கங்களிலிருந்து புறப்பட்ட தமிழர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். 200 கிலோமீட்டருக்கு மேல். ஏறத்தாழ ஐந்து மரதன் தூரம். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பலர் வழியிலேயே மாண்டார்கள். பிழைத்து வந்தவர்கள் இலங்கை மலைகளில் வளர்த்த பயிர் கோப்பி. இன்று நெடுந்தூர வீரர்கள் போட்டிக்கு முன் நாடும் கஃபீன் அந்தக் கொட்டைக்குள்தான் இருக்கிறது.

1869இல் இலங்கையின் கோப்பி இலைகளில் துருநோய் கண்டது. சுமார் இருபது ஆண்டுகளில் ஒரு பூஞ்சணம் கோப்பியைச் சாய்த்துவிட, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. இரண்டு செடிகளுக்கும் நெருங்கிய உறவே கிடையாது. ஆனாலும் தனித்தனி வழியில், ஒரே கஃபீனைத் தயாரிக்க இரண்டும் கற்றுக்கொண்டன! கோப்பியின் மரபணுத் தொகுதியை 2014இல் படித்தபோது இது தெளிவானது. இலையைக் கடிக்கும் பூச்சிக்குக் கஃபீன் நஞ்சு.

நமக்குள் அது செய்யும் வேலை இன்னும் நுட்பமானது. மூளை உழைக்க உழைக்க அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது வந்து அமர்வதற்கென்றே மூளைக் கலங்களின் மேல் புரத இருக்கைகள் உண்டு. ஏற்பிகள் என்று பெயர். அடினோசின் அமர்ந்ததும் களைப்புச் சேதி கிளம்பும். கஃபீனின் வடிவமும் ஏறக்குறைய அடினோசினைப் போன்றதே. நெரிசல் பஸ்ஸில் ஜன்னல் வழியே லேஞ்சியைப் போட்டு இடம்பிடிப்பதுபோல, அது இருக்கையைப் பிடித்துக்கொள்கிறது. சேதி கிளம்புவதில்லை. கால்கள் அதே தூரத்தைத்தான் கடக்கின்றன. சிரமம் குறைவாகத் தெரிகிறது. ஆனால் கஃபீன் எரிபொருள் அல்ல. மன்னாரிலிருந்து பட்டினியோடு நடந்தவர்களுக்கு வேண்டியிருந்தது சோறு. அந்த இடத்தை எந்தக் கோப்பியும் நிரப்பியிருக்காது.

1978இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் காஸ்டில் சைக்கிள் வீரர்களைச் சோதித்தார். கஃபீன் நீக்கிய கோப்பி குடித்த நாளில் 75 நிமிடத்தில் ஓய்ந்தவர்கள், 330 மில்லிகிராம் கஃபீன் குடித்த நாளில் 90 நிமிடம் மிதித்தார்கள். கொழுப்பு கூடுதலாக எரிந்ததே காரணம் என்று அவர் கருதினார். பின்வந்த ஆய்வுகள் முக்கியமாக மூளையைத்தான் காட்டுகின்றன.

போட்டியில் கிடைக்கும் ஆதாயம் சராசரியாக 2 முதல் 4 சதவீதம். மூன்று மணி நேரம் ஓடுபவருக்கு அந்தக் கணக்கில் சுமார் ஐந்து நிமிடம். பதக்கம் கைமாற அது தாராளம். ஒரு காலத்தில் சிறுநீரில் கஃபீன் அளவு மீறினால் வீரருக்குத் தடை. 2004இல்தான் அது தடைப்பட்டியலிலிருந்து நீங்கியது. ஆய்வுகளில் பயன்படும் அளவு எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம், ஒரு மணி நேரம் முன்னதாக. 60 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 180 மில்லிகிராம். நாலைந்து கோப்பைத் தேத்தண்ணி. விடியலில் சாயத்தண்ணி குடித்துவிட்டு, கூடையோடு நாளெல்லாம் மலையேறி இறங்கும் கொழுந்து பறிக்கும் பெண்களையும் நான் நெடுந்தூர வீராங்கனைகளாகவே எண்ணுகிறேன்.

கஃபீனை உடைப்பது ஈரலில் உள்ள ஒரு நொதியம், அதாவது வேதிவினையை முடுக்கும் புரதம். இரத்தத்தில் கஃபீன் பாதியாகக் குறைய சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பத்து மணி நேரத்தையும் தாண்டும். அந்த நொதியத்தின் வேகம் மரபணுவைப் பொறுத்து ஆளுக்காள் மாறுகிறது. ஒருவருக்குச் சிறகு முளைக்கச் செய்யும் அளவு இன்னொருவருக்குக் கைநடுக்கத்தையும் படபடப்பையும் தரலாம். ஆகவே தேர்ந்த ஓட்டக்காரர்கள் தங்களுக்கு ஒத்துப்போகும் அளவைப் பயிற்சி நாட்களிலேயே கண்டுகொள்கிறார்கள்.