பாம்ஷெல்

பாம்ஷெல் என்பது எதிர்பாராது வந்து திகைக்க வைக்கும் செய்தியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஆகும். வெடிமருந்து நிரப்பிய பீரங்கிக் குண்டு என்பதே இதன் முதற்பொருள்.

பயன்பாடு

திடீர்ப் பதவி விலகல், மணமுறிவு போன்ற அறிவிப்புகளை இச்சொல்லால் குறிப்பர். கேட்பவரை நிலைகுலையச் செய்யும் செய்திக்கே இது பொருந்தும். பிறந்தநாள் பரிசு போன்ற சிறு வியப்புகளுக்குப் பொருந்தாது. கவர்ச்சிமிக்க பெண் என்ற பொருளும் இதற்கு உண்டு. 1933இல் ஜீன் ஹார்லோ நடித்த ஒரு திரைப்படத்தின் பெயரும் இதுவே.

தமிழில்

"குண்டைத் தூக்கிப் போட்டார்" என்னும் வழக்கு இதற்கு மிக நெருங்கியது. "தலையில் இடி விழுந்தாற்போல" என்பது கேட்டவரின் நிலையைக் கூறும். முன்னது சொன்னவரின் செயலைக் கூறும். தொல்காப்பியம் வியப்பை மருட்கை என்கிறது. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கினின்றும் பிறக்கும். எனவே பாம்ஷெல்லை வியப்பு என்று மட்டும் மொழிபெயர்த்தால் அதன் அதிர்ச்சிப் பொருள் விடுபட்டுவிடும்.