பெயருக்குப் பின் நிற்கும் எச்சம்

நம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறும் ஆங்கில வாசகம் ஒன்று உண்டு. 'அப்ளிகேஷன்ஸ் ரிசீவ்டு ஆஃப்டர் தி டியூ டேட் வில் பி ரிஜெக்டட்' என்பது அது. கெடு நாளுக்குப் பின் வந்து சேரும் விண்ணப்பங்கள் தள்ளுபடி செய்யப்படும் என்பது அதன் பொருள். பள்ளியில் தமிழ் வழியிற் பயின்று இங்கு வரும் மாணவர் இதனைச் சொல் சொல்லாகப் படிக்குங்கால் இரண்டாம் சொல்லிலேயே இடறி விடுகின்றார். 'அப்ளிகேஷன்ஸ் ரிசீவ்டு' என்றவுடன் 'விண்ணப்பங்கள் பெற்றன' என்று மனம் பொருள் கொண்டுவிடுகிறது. விண்ணப்பங்கள் எதைப் பெற்றன என்று தேடிச் சென்றால், 'வில் பி ரிஜெக்டட்' என்று இன்னொரு வினை வந்து எதிரே நிற்கிறது. ஒரு வாக்கியத்தில் இரண்டு முற்றா? பலர் இவ்விடத்தில் பொருளை ஊகித்துக்கொண்டு கடந்துவிடுவர். அறிவிப்புப் பலகையில் ஊகம் பலிக்கும். வினாத்தாளிலும் பாடநூலிலும் சட்டத்திலும் அது எப்போதும் பலிப்பதில்லை.

இங்கே 'ரிசீவ்டு' என்பது முற்றுவினை அன்று, எச்சம். ஆங்கில இலக்கணத்தார் இதனைப் 'பாஸ்ட் பார்ட்டிசிபிள்' என்பர். நாம் இறந்தகால எச்சம் என்று சொல்லிக்கொள்வோம். அப்பெயர் எவ்வளவு பொருந்தும் என்பதைப் பின்னர்ப் பார்க்கலாம். ஒரு பெயரைத் தழுவி நின்று அதனை விளக்குவதால் இது நம் பெயரெச்சத்தின் உறவினர் ஆகிறது. ஆங்கில வகுப்பில் தமிழ் இலக்கணத்தை எடுப்பது இழுக்கு என்று கருதுவோர் உளர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. ஐந்தாண்டுகள் நன்னூற் பகுதிகளை மனப்பாடம் செய்தவனிடம் அச்செல்வத்தை வாயிலில் வைத்துவிட்டு உள்ளே வா என்று சொல்வதில் என்ன பயன்?

முதல் வேறுபாடு இடத்தைப் பற்றியது. தமிழில் பெயரெச்சம் எப்போதும் பெயருக்கு முன்னர் நிற்கும். அதனோடு சேர்ந்த சொற்கள் எத்தனை வரினும் அவையும் முன்னரே நிற்கும். 'நேற்று மாலை மாடியில் குரங்கு உடைத்த நாற்காலி' என்போம். பட்டியல் முழுவதும் வந்த பின்னரே நாற்காலி வரும். ஆங்கிலத்தில் எச்சம் தனியே வந்தால் பெயருக்கு முன் நிற்கும்: 'எ புரோக்கன் சேர்'. யாரால், எங்கே, எப்போது என்று துணைச் சொற்களைக் கூட்டிக்கொண்டு வந்தால், கூட்டத்தோடு பெயருக்குப் பின்னே போய்விடும்: 'எ சேர் புரோக்கன் பை எ மங்கி'. நாம் பெயருக்கு முன்னே தேடிப் பழகியவர்கள். ஆங்கிலத்திலோ பெயரைக் கண்ட பின்னரும் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும்.

தனியே வந்தும் பின்னே நிற்கும் சில சொற்கள் உண்டு. 'தி ஆபீசர் கன்சர்ன்டு' என்றால் சம்பந்தப்பட்ட அதிகாரி. அதனையே முன்னே வைத்து 'எ கன்சர்ன்டு ஆபீசர்' என்றால், ஆங்கிலேயர் காதுக்குக் கவலையுற்ற அதிகாரி என்று கேட்கும். நம் நாட்டு அலுவலகங்களில் சம்பந்தப்பட்டவரையும் முன்னே வைத்தே எழுதும் வழக்கம் ஊன்றிவிட்டது. கோப்பு அவர் மேசைக்குப் போய்ச் சேர்வதால், இந்த வழக்கால் யாருக்கும் நட்டமில்லை.

இரண்டாம் வேறுபாடே பெரிது. பவணந்தி முனிவர் நன்னூலில், பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்கிறார். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்பன அவ்வாறு. 'உண்ட' என்ற ஒரு சொல்லை வைத்துப் பார்ப்போம். உண்ட சாத்தன், உண்ட கலம், உண்ட இல்லம், உண்ட ஊண், உண்ட நாள், உண்ட சோறு. ஆறும் நல்ல தமிழ். உண்டவன் யார், உண்ணப்பட்டது எது என்பதை எச்சம் சொல்லவில்லை. கேட்பவர் உலக வழக்கறிந்து தாமே தெளிகின்றார். சாத்தன் சோற்றை உண்பான், சோறு சாத்தனை உண்ணாது என்பது நமக்குத் தெரியும்.

ஆங்கில எச்சத்திற்கு இந்த ஆறு வாயில்களும் திறப்பதில்லை. பெயருக்குப் பின் நிற்கும் இறந்தகால எச்சத்திற்குப் பெரும்பாலும் ஒரே வாயில்தான். அது செயப்படுபொருள் வாயில். 'தி ரைஸ் ஈட்டன் பை சாத்தன்' சரி. சாத்தன் உண்ட சோறு. உண்ட சாத்தன் என்று கருதி 'சாத்தன், ஈட்டன் அட் நூன்' என்று எழுதினால், நண்பகலில் ஏதோ ஒரு விலங்கு சாத்தனைத் தின்றுவிட்டது என்றே படிப்பவர் அஞ்சுவர். 'தி ஸ்டூடன்ட் கிவன் எ பிரைஸ்' என்பது பரிசு கொடுத்த மாணவன் அல்லன், பரிசு கொடுக்கப்பட்ட மாணவன். எச்சத்தின் உள்ளேயே 'படு' என்ற நம் துணைவினை ஒளிந்திருக்கிறது என்று நினைவிற் கொண்டால் போதும்.

ஆகவே செயப்படுபொருள் குன்றிய வினைகளுக்கு இந்த அமைப்பு பெரிதும் ஒவ்வாது. 'நேற்று வந்த மாணவன்' என்பதற்கு 'ஹூ கேம் யெஸ்டர்டே' என்று முழுத்தொடராக எழுதுவதே வழி. உதிர்ந்த இலைகளுக்கு 'ஃபாலன் லீவ்ஸ்', ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு 'ரிடயர்டு டீச்சர்', தப்பிய கைதிக்கு 'எஸ்கேப்டு பிரிசனர்' என்று சில விலக்குகள் உள. அவையும் பெரும்பாலும் பெயருக்கு முன்னேதான் நிற்கின்றன.

இனிப் பெயர்ப் பொருத்தத்திற்கு வருவோம். இறந்தகால எச்சம் என்று பெயர் இருக்கிறதே தவிர, அதில் இறந்தகாலம் நிலையாக இல்லை. அறிவிப்புப் பலகை வாசகத்தையே மீண்டும் பாருங்கள். அது ஒட்டப்பட்ட நாளில் கெடு இன்னும் முடியவில்லை. பிந்தி வரும் விண்ணப்பம் ஒன்றேனும் எழுதப்பட்டிருக்காது. ஆயினும் 'ரிசீவ்டு' என்றே எழுதுகின்றனர். காலத்தைச் சொல்வது பின்னே வரும் 'வில் பி' என்ற முற்றுத்தான். தமிழில் இதனைப் 'பெற்ற விண்ணப்பங்கள்' என்று பெயர்த்தால் பிழை. 'பெறப்படும் விண்ணப்பங்கள்' என்பதே பொருந்தும். நம் பெயரெச்சம் செய்த, செய்கின்ற, செய்யும் எனக் காலத்தைத் தன் உடலிலேயே தாங்கியது. ஆங்கில எச்சமோ காலத்தை வாக்கியத்தின் முற்றிடமிருந்தும் சூழலிலிருந்தும் கடன் வாங்குகிறது. மொழிபெயர்ப்புத் தாளில் ஆங்கில எச்சத்தைக் கண்டவுடன் கண்ணை மூடிக்கொண்டு 'செய்த' என்று எழுதும் வழக்கத்தை நம்மவர் விட வேண்டும்.

படிப்பவரை இடறச் செய்வது எச்சத்தின் உருவமே. தமிழில் 'உடைத்தது' முற்று, 'உடைத்த' எச்சம், கண்டவுடன் தெரியும். ஆங்கிலத்தில் 'புரோக்', 'புரோக்கன்' போலவும், 'ரோட்', 'ரிட்டன்' போலவும் உருவம் மாறும் வினைகளில் ஐயமில்லை. ஆனால் 'ரிசீவ்டு', 'ஹெல்ப்டு', 'செலக்டட்' போன்று விதிப்படி நடக்கும் வினைகளே மிகப் பல. அவற்றில் முற்றும் எச்சமும் ஒரே உடை உடுத்து நிற்கின்றன. இது நம்மவருக்கு மட்டும் உரிய இடர்ப்பாடு என்று தாழ்வு மனப்பான்மை கொள்ள வேண்டா. தாமஸ் பெவர் என்ற அமெரிக்க உளவியலறிஞர் 1970இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், களஞ்சியத்தைக் கடந்து ஓட்டிச் செல்லப்பட்ட குதிரை விழுந்தது என்னும் பொருளுடைய சிற்றாங்கில வாக்கியம் ஒன்றை எடுத்துக்காட்டினார். அதில் 'ரேஸ்டு' என்ற எச்சத்தைக் குதிரை ஓடியது என்று முற்றாகவே தாய்மொழியாளரும் படித்துவிடுகின்றனர். இறுதிச் சொல்லாக 'ஃபெல்' வந்தவுடன் திகைத்து நின்று, வந்த வழியே திரும்பிப் போய் மீண்டும் படிக்கின்றனர்.

இதற்கு இரண்டு சோதனைகள் கைகொடுக்கும். ஒன்று, அச்சொல்லுக்குப் பின்னே செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. 'தி கேர்ள் ஹெல்ப்டு தி ஓல்டு மேன்' என்பதில் முதியவர் பின்னே நிற்கிறார். ஆகவே 'ஹெல்ப்டு' முற்று, உதவியவள் பெண். 'தி கேர்ள் ஹெல்ப்டு பை தி ஓல்டு மேன்' என்பதில் 'பை' வந்து வழியை மறிக்கிறது. ஆகவே எச்சம், உதவியவர் முதியவர். 'பை' என்ற ஒரு சிறு சொல்லால் உதவி பெற்றவர் ஆளே மாறிவிடுகிறார். மற்றொரு சோதனை, பெயருக்கும் ஐயத்திற்குரிய சொல்லுக்கும் இடையே 'ஹூ வாஸ்' அல்லது 'விச் வாஸ்' என்பதை இட்டுப் பார்ப்பது. பொருள் கெடாமல் நின்றால் எச்சம். காலத்திற்கேற்ப 'வாஸ்' என்பது 'இஸ்', 'ஆர்' என்று மாறலாம். உண்மையில் இவ்வெச்சத்தொடர் அத்தகைய முழுத்தொடர் ஒன்றின் சுருக்கம் என்றே கொள்ளலாம். கட்டுரையிலும் அறிக்கையிலும் அது மிகுதியாக வருவதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

காற்புள்ளியைப் பற்றியும் ஒரு சொல். 'தி ஹவுசஸ் டேமேஜ்டு பை தி ஃபிளட் வில் கெட் ரிலீஃப்' என்று காற்புள்ளியின்றி எழுதினால், வெள்ளத்தாற் சேதமுற்ற வீடுகளுக்கு மட்டுமே நிவாரணம், சேதமுறாதவை விலக்கப்படுகின்றன. எச்சத்தொடரின் இருபுறமும் காற்புள்ளி இட்டால், குறிப்பிட்ட வீடுகள் யாவும் சேதமுற்றன, யாவற்றுக்கும் நிவாரணம் உண்டு என்று பொருள் விரிகிறது. ஓர் ஊரின் நிவாரணப் பட்டியல் இரண்டு காற்புள்ளிகளால் நீளவும் குறையவும் கூடும்.

இவையெல்லாம் வகுப்பறை நுணுக்கங்கள் என்று எண்ணுவோர்க்கு நம் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவைக் காட்டலாம். ஒருவருடைய உயிரையோ தனிமனித உரிமையையோ பறிப்பதானால், 'புரொசீஜர் எஸ்டாபிளிஷ்டு பை லா' என்பதன்படியே பறிக்கலாம் என்பது அப்பிரிவு. சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை என்று நாம் சொல்லலாம். பெயர், பின்னே எச்சம், அதன்பின் 'பை': நாம் இதுவரை கண்ட அதே அமைப்பு. அமெரிக்க அரசமைப்பில் உள்ள 'டியூ பிராசஸ் ஆஃப் லா' என்ற தொடரைக் கொள்வதா என்று ஆராய்ந்த பின்னர், நம் அரசமைப்பை வகுத்தோர் 1946இல் வெளியான ஜப்பானிய அரசமைப்பில் உள்ளதை ஒத்த இத்தொடரைத் தேர்ந்தனர்.

1950இல் இத்தொடர் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன் தடுப்புக் காவற் சட்டத்தின்கீழ்ச் சிறையில் வைக்கப்பட்டிருந்தார். அவர் தொடுத்த வழக்கில் எதிர்த்தரப்பு நம் சென்னை மாகாண அரசு. 'லா' என்பது சட்டமன்றம் இயற்றும் சட்டம் மட்டுமா, அன்றி இயற்கை நீதியையும் குறிக்குமா என்ற வாதம் எழுந்தது. தலைமை நீதிபதி ஹரிலால் கனியா 'எஸ்டாபிளிஷ்டு' என்ற எச்சத்திற்கு அகராதிப் பொருளை நோக்கினார். நிறுவப்பட்டது என்றாலே நிறுவும் அமைப்பு ஒன்று உண்டு என்பது பெறப்படுகிறது என்ற கருத்தில் சென்று, இயற்கை நீதி என்ற வரையறையற்ற பொருளை அங்கே ஏற்க மறுத்தார். எச்சத்தினுள் ஒளிந்திருக்கும் 'படு' என்பதைத்தான் அவர் வெளியே எடுத்து வைத்தார் என்று இலக்கண மாணவர் சொல்லலாம்.

அதே வழக்கில் சென்னையைச் சேர்ந்த நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி அச்சொல்லை வேறு கோணத்தில் நோக்கினார். 'எஸ்டாபிளிஷ்டு' என்பதில் ஓரளவு உறுதியும் நிலைபேறும் பொது ஏற்பும் அடங்கியிருக்கின்றன என்பது அவர் கருத்து. இன்று இயற்றி நாளை மாற்றும் எந்த நடைமுறையையும் அச்சொல் தாங்காது என்பது இதன் உட்கிடை. நிறுவப்பட்டது என்றால், முன்பே நிறுவப்பட்டு நிலைத்ததா? சட்டம் எப்போது நிறுவினாலும் போதுமா? காலத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாத எச்சம் இதற்கு விடை சொல்வதில்லை. முடிவில் 21ஆம் பிரிவைப் பற்றிய கோபாலன் தரப்பு வாதம் பெரும்பான்மை நீதிபதிகளால் ஏற்கப்படவில்லை. நீதிபதி பசல் அலி மாறுபட்ட தீர்ப்பெழுதினார்.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்து, 1978இல் மேனகா காந்தி வழக்கில் உச்சநீதிமன்றம் அந்நிலையிலிருந்து விலகியது. சட்டம் வகுக்கும் நடைமுறை நேர்மையும் நியாயமும் அறிவுக்குப் பொருத்தமும் உடையதாய் இருத்தல் வேண்டும், மனம்போன போக்கில் அமைதல் ஆகாது என்று தீர்ப்பாயிற்று. பிரிவின் வாசகத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. 'புரொசீஜர்' என்ற பெயரும் அதன் பின்னே அதே எச்சமும் 1950இல் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.