அம்மா பாடிய முருகன் பாட்டு

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் அம்மா பாடும் முதல் பாட்டு, 'கற்பனை என்றாலும்' என்று தொடங்கும் முருகன் பாட்டுதான். அந்தக் காலத்து அருளாளர் யாரோ எழுதியது என்றே அம்மா நினைத்திருந்தாள். நானுந்தான்! கவிஞர் வாலியின் சினிமாப் பாட்டென்றால் எனக்கு உயிர். ஆனாலும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்ததில்லை.

அவருடைய ஆரம்ப காலத்துப் பாட்டுகளைத் தேடத் தொடங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. சினிமாவுக்கு வருமுன்பு, ஸ்ரீரங்கத்தில் வெறும் ரங்கராஜனாக இருந்த நாளில், இதைத் தபால் கார்டில் எழுதி டி.எம். சௌந்தரராஜனுக்கு அனுப்பியிருக்கிறார். அவரும் மெட்டமைத்துப் பாடிவிட்டார்! ரங்கநாதர் ஊர்க்காரர் முருகனைப் பாடியது ஒரு வேடிக்கைதான்.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "என்னடி சொல்றே? சினிமாக்காரர் எழுதினதா?" என்று முகத்தைச் சுளித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டில் அந்தப் பாட்டு கேட்கவில்லை. எனக்கு என்னவோ போலாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஆனாலும் தேடலை விட மனசு வரவில்லை. வாலியின் முதல் சினிமாப் பாட்டு 1959-ல் வந்த 'அழகர்மலைக் கள்வன்' படத்தில் இருக்கிறது. இசை பி. கோபாலம், பாடியவர் பி. சுசீலா. இசைத்தட்டுக்கு எங்கே போவது? தம்பிதான் கைபேசியில் தேடி எடுத்துக் கொடுத்தான். பிற்காலத்து வாலியின் சொல் விளையாட்டெல்லாம் இதில் இல்லை. நிலா, நட்சத்திரம் என்று குழந்தைக்கும் புரிகிற வார்த்தைகள். சுசீலாவின் குரலோ, கேட்கணுமா! இரண்டே நாளில் என் குட்டிப் பெண்ணுக்கு அதுவே தாலாட்டாகிவிட்டது.

இவ்வளவு அருமையாக எழுதியவருக்கு உடனே வாய்ப்புகள் குவிந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? 1961-ல் 'நல்லவன் வாழ்வான்' படத்தில் எம்.ஜி.ஆருக்குக்கூட எழுதினார். அப்படியும் விடியவில்லை. சென்னையே வேண்டாம், மதுரைக்கு வேலைக்குப் போய்விடலாம் என்று கிளம்பியவரை நிறுத்தியது இன்னொருவர் பாட்டு. 'சுமைதாங்கி' படத்துக்குக் கண்ணதாசன் எழுதியதை பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடிக் காட்ட, மூட்டையை அவிழ்த்துவிட்டாராம். 1963-ல் 'கற்பகம்' வந்தது. படத்தில் பாட்டெல்லாம் வாலி, பாடியதெல்லாம் சுசீலா; ஆண் குரலே கிடையாது!

ஒரு நாள் ராத்திரி தாலாட்டைக் கேட்டுக்கொண்டே அம்மா தூளியை ஆட்டினாள். குழந்தை தூங்கியதும், "இதை யாருடி எழுதினது?" என்றாள்.

"உன் முருகன் பாட்டுக்காரர்தாம்மா. பிழைப்புக்கு வழியில்லாமல் ஊருக்கே திரும்பப் பார்த்தவர்."

அம்மா பதில் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் அடுப்படியில் இருந்தேன். பூஜை அறையில் பழைய பாட்டு கேட்டது. நடுவில் நிறுத்தி, "ஏண்டி, இந்த இடத்தை டி.எம்.எஸ். எப்படி இழுப்பார்? அந்த போனில் கொஞ்சம் போடேன்" என்றாள்.