விளைநிரல் கோப்பின் அமைப்பை அறிதல்: சொல்லும் செயலும்

மூலநிரலைத் தொகுப்பி மாற்றித் தரும் இடைநிலைக் கோப்பினை ஆங்கில வழக்கு ‘ஆப்ஜெக்ட்’ கோப்பு என்கிறது. இதனைப் ‘பொருள் கோப்பு’ எனப் பெயர்ப்பது பொருந்தாது. ஈண்டு அச்சொல் மூலத்தினின்றும் பெறப்படும் விளைவையே சுட்டுகிறது. பொருள்நோக்கு நிரலாக்கத்தோடு மயங்கவும் இடந்தரும். ஆதலின் ‘விளைநிரல்’ என்பது இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. (‘தொகுப்பி’ என்பதும் பழைய தொழிலின் பெயரே. 1952இல் கிரேஸ் ஹாப்பர் அமைத்த ஏ-0, முன்பே எழுதப்பட்ட துணைநிரல்களைத் தொகுத்தது. தொழில் விரிந்தது, பெயர் நின்றது.)

ஒரு தொகுப்பி எவ்வமைப்பில் விளைநிரலைத் தருகிறது என்பதை அதன் பெயரோ கோப்புப் பெயரின் ஈறோ உணர்த்தா. ஜிசிசி என்னும் அதே தொகுப்பி லினக்ஸுக்கு ஈஎல்எஃப் அமைப்பிலும், விண்டோஸுக்கு காஃப் அமைப்பிலும், ஆப்பிள் கணிப்பொறிக்கு மாக்-ஓ அமைப்பிலும் விளைநிரல் தரும். மூன்றிலும் ஈறு ‘.ஓ’ என்பதே. லினக்ஸ் 1990களின் நடுவில் ஏ.அவுட் அமைப்பை விட்டு ஈஎல்எஃபுக்கு மாறியபோதும் ஈறு மாறவில்லை.

எனவே கோப்பின் தொடக்க எண்மிகளையே நோக்குதல் வேண்டும். அலிபிரி வழியே மலையேறித் திருமலைக் கோயிற் சுவர்களைக் காண்போர், கிரந்த எழுத்தில் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ எனத் தொடங்கித் தமிழில் தொடரும் கல்வெட்டுகள் பலவற்றைக் காண்பர். அத்தொடக்கம் ‘இது கல்வெட்டு வாசகம்’ என்று அறிவிக்கும். செய்தியை மேலே படித்தே அறிதல் வேண்டும். ஈஎல்எஃப் கோப்பும் அத்தகையதே. பதினறும எண்முறையில் 7எஃப் 45 4சி 46 என்னும் நான்கும் அமைப்பை உணர்த்தும். ஐந்தாவது எண்மி 1 எனில் 32 இருமம், 2 எனில் 64 இருமம். ஆறாவது எண்மி எண்களின் வரிசைமுறையைக் காட்டும். எந்தச் செயலிக்குரியது என்பது பின்னரே வரும்.

கிளாங் தொகுப்பியை இணைப்புநேரச் செம்மையாக்கத்தோடு இயக்கினால், லினக்ஸிலேயே ‘.ஓ’ கோப்பு ஈஎல்எஃப் ஆகாமல் 42 43 சி0 டிஇ எனத் தொடங்கும் இடைநிலை வடிவமாக அமையும். இணைப்பி அதனை ஏற்க இயலாதபோது அமைப்பு அறியப்படவில்லை என மறுக்கும். அச்செய்தியைப் பெயர்ப்போர் ‘கோப்பு வகை’ என்றெழுதின், பயனர் ஈற்றையே நோக்கி மயங்குவர். ‘உள்ளமைப்பு’ என்றெழுதின், கோப்பைத் திறந்து பார்ப்பர்.