சீருடைக்குள் மறையும் துப்பாக்கி

செம்பவாங் எம்ஆர்டி நிலையத்தில் மாலை நேரக் கூட்டம். சன் பிளாசா பக்கம் திரும்பும் கூட்டத்துக்கு எதிரே இரண்டு போலீஸ் அதிகாரிகள் நடந்து வருகிறார்கள். இருவர் இடுப்பிலும் உறையில் கைத்துப்பாக்கி. யாரும் ஒதுங்குவதில்லை. கைப்பேசியிலிருந்து கண்ணை எடுப்பவர்கூட அபூர்வம். அதே துப்பாக்கி, அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக வரும் ஒருவரின் இடுப்பில் தெரிந்தால்? நிலையம் காலியாக அதிக நேரம் பிடிக்காது.

இரும்பு ஒன்றுதான். ஒன்று கண்ணில் படவே இல்லை. மற்றொன்றைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. மனித மூளை ஏன் இப்படி நடந்துகொள்கிறது?

சிங்கப்பூர்ச் சூழல் இதற்கு ஒரு காரணம். 1973இன் ஆயுதக் குற்றச் சட்டப்படி, அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. காயப்படுத்தும் எண்ணத்தோடு சுட்டால் மரண தண்டனை. 1967 முதல் தேசிய சேவைக்குப் போகும் இளைஞர்கள் துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் துப்பாக்கி முகாமின் ஆயுதக் கிடங்கோடு நின்றுவிடும், யாரும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. ஆக, இந்தத் தீவில் சீருடையும் துப்பாக்கியும் ஒட்டிப் பிறந்தவை போல ஆகிவிட்டன.

ஆய்வுக்கூடம் என்ன சொல்கிறது? 1987இல் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸும் சக ஆய்வாளர்களும் ஒரு துரித உணவகக் காட்சியைப் படங்களாக ஓட்டிக் காட்டினார்கள். ஒரு வரிசையில் வாடிக்கையாளர் காசாளரிடம் காசோலை நீட்டுகிறார். மற்றொன்றில் துப்பாக்கி நீட்டுகிறார். பார்த்தவர்களின் கண்ணசைவு பதிவானது. துப்பாக்கியின் மேல் கண் அடிக்கடி விழுந்தது, நெடுநேரம் நின்றது. அதனால் அதை ஏந்தியவரின் முகம் சரியாக நினைவில் பதியவில்லை. கொள்ளையை நேரில் பார்த்த சாட்சி துப்பாக்கியைப் பற்றி விவரமாகச் சொல்லிவிட்டு, ஆளை அடையாளம் காட்டத் திணறுவதற்கு இது ஒரு காரணம்.

பயம்தான் கண்ணைக் கட்டிப்போடுகிறது என்று நினைக்கத் தோன்றும். கெரி பிக்கல் என்ற உளவியலாளர் அதைச் சோதித்துப் பார்த்தார். 1998இல் அவர் காட்டிய காணொளியில், முடிதிருத்தகத்துக்குள் ஒருவர் நுழைகிறார். கையில் ஒருமுறை கத்தரிக்கோல், ஒருமுறை துப்பாக்கி, இன்னொரு முறை உரித்த முழுப் பச்சைக் கோழி! கத்தரிக்கோல் குத்தக்கூடியது, ஆனால் அந்தக் கடையில் அது இருக்கவேண்டிய பொருள். கோழியால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் அதற்கு அங்கே என்ன வேலை? ஆளைப் பற்றிய நினைவைக் கெடுத்தது கோழிதான், கத்தரிக்கோல் அல்ல. மறு ஆண்டு துப்பாக்கியை ஒரு பாதிரியார் கையிலும் ஒரு போலீஸ்காரர் கையிலும் கொடுத்துக் காட்டினார். பாதிரியாரைப் பார்த்தவர்களுக்குத்தான் நினைவு அதிகம் தடுமாறியது. பயத்துக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் 'இது இங்கே இருக்கக்கூடியதா?' என்ற கேள்வியையும் மூளை சேர்த்தே கேட்கிறது.

அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காத தெருக்கள் அமெரிக்காவில் உண்டு. உரிமம் பெற்றவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரிய அணியலாம் என்று டெக்சஸ் மாநிலம் 2016 ஜனவரியில் அனுமதித்தது. அதற்கு முன்பே, 2013இல், சட்டம் அனுமதித்தாலும் எங்கள் கடைக்குத் துப்பாக்கியோடு வராதீர்கள் என்று ஸ்டார்பக்ஸ் தன் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தச் சட்டம் இடம் தரும் ஒஹாயோ மாநிலத்தில், 2014இல், வால்மார்ட் கடையில் விற்பனைக்கு இருந்த காற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுத்து நடந்தார் ஒரு கறுப்பின இளைஞர். பார்த்த ஒருவர் அவசர எண்ணை அழைத்தார். வந்த போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது. துப்பாக்கியைக் காணும் கண் அதை ஏந்திய ஆளையும் சேர்த்தே எடைபோடுகிறது. அந்த எடையில் நிறமும் ஏறிவிடுகிறது.

சீருடையில் இருந்தால் துப்பாக்கி சும்மா இருக்குமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. ஆயுதத்தைப் பார்ப்பதே கோபத்தைத் தூண்டும் என்று 1967இல் உளவியலாளர்கள் பெர்க்கோவிட்ஸும் லபாஜும் வாதிட்டார்கள். அவர்களது சோதனையில், சீண்டப்பட்டவர்களின் முன் மேசையில் துப்பாக்கிகள் கிடந்தபோது, சீண்டியவருக்கு அவர்கள் கொடுத்த மின்னதிர்ச்சி கூடியது. பூப்பந்து மட்டைகள் கிடந்தபோது அப்படிக் கூடவில்லை. பின்னர் வந்த சில ஆய்வுகளில் அதே முடிவு கிடைக்கவில்லை. சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆனால் லண்டன் மாநகரின் மையப் பகுதிப் போலீஸாரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வு கவனிக்கத்தக்கது. மின்னதிர்ச்சித் துப்பாக்கி அணிந்த அதிகாரிகள் இருந்த பணிநேரங்களில், அதை அவர்கள் அரிதாகவே இயக்கியபோதும், பலப்பிரயோகம் 48 சதவீதம் கூடியிருந்தது.

நம் தேக்காவிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2013 டிசம்பர் 8 இரவு, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் கலவரம் மூண்டது. போலீஸ் இடுப்பில் ரிவால்வர் இருப்பது தெரிந்தும் கல்வீச்சு நிற்கவில்லை, வண்டிகள் எரிந்தன. போலீஸ் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. கூட்டத்தைக் கலைத்தது பின்னர் வந்த சிறப்புப் படை. இடுப்பில் துப்பாக்கி இருப்பதால் மட்டும் அமைதி வந்துவிடாது. அதை எளிதில் உருவமாட்டார்கள் என்று ஊர் நம்புவதால்தான் செம்பவாங் நிலையத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கடைசியாக, பயன்படும் செய்தி ஒன்று. ஆயுதம் கண்ணை இழுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்டவர்கள், அந்த இழுப்பிலிருந்து தப்பி ஆளை நன்றாகவே நினைவில் வைத்ததாக பிக்கல் குழு 2006இல் கண்டது. இதைப் படித்துவிட்டதால் நீங்களும் இப்போது அவர்களில் ஒருவர். பொருந்தாத இடத்தில் துப்பாக்கியைப் பார்க்க நேர்ந்தால் முதலில் விலகி ஓடுங்கள், இல்லையேல் ஒளியுங்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போனதும் 999ஐ அழையுங்கள். அவர்கள் கேட்கப்போவது முகம், உயரம், உடை, போன திசை. துப்பாக்கியை விட்டு அவற்றைப் பாருங்கள்.